கிட்டாருக்கு ஒரு டிஜிட்டல் பெட்டி: டீன்சி போர்டில் ஆம்பும் எஃபெக்டும் கட்டுவது எப்படி

டிஜிட்டல் கிட்டார் பெடல் (கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே வைத்து ஒலியை மாற்றும் பெட்டி) கட்ட வருகிறவர்களில் பலர் முதலில் நிரலைத்தான் திறக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு வாரம் உட்கார்ந்து எதிரொலிக்கும் டிஸ்டார்ஷன் என்ற கரகரப்புக்கும் நிரல் எழுதினேன். பிறகு கிட்டார் ஒயரை நேராக போர்டின் லைன்-இன் என்ற ஒலி உள்ளீட்டு முனையில் கோத்தேன். ஒலி வந்தது, ஆனால் கம்பளிக்குள் முகம் புதைத்துக்கொண்டு பேசுகிறவரின் குரல் போல வந்தது. நிரலைத் திருத்தினேன். மறுபடி திருத்தினேன். இன்னொரு வாரம் போன பிறகுதான், தவறு நிரலில் இல்லை, கிட்டாருக்கும் போர்டுக்கும் நடுவே இருந்த ஒரு சாண் ஒயரில் இருக்கிறது என்று தெரிந்தது.

ஆகவே இந்த வழிகாட்டியின் வரிசை வேறு. முதலில் சிக்னல் உள்ளே வரும் வாசல். அடுத்து, எதுவும் செய்யாமல் உள்ளே வந்ததை அப்படியே வெளியே அனுப்புவது. அதன் பிறகு வெளியேறும் வாசல். எஃபெக்ட், அதாவது ஒலியை மாற்றும் வித்தைகள், எல்லாம் கடைசியில்தான். ஒவ்வொரு படியிலும் கிட்டாரை மீட்டிக் கேட்டு, சரியாக இருந்தால் மட்டும் அடுத்த படிக்குப் போக வேண்டும். சால்டர் வைக்கவும் ஆர்டுயினோ மென்பொருளில் ஒரு விளக்கை மினுக்கவும் தெரிந்திருந்தால் போதும். இதில் மின்சார வாரியத்தின் 230 வோல்ட் எங்கும் வராது. பழைய வால்வு ஆம்ப் எதையாவது திறந்து அதற்குள் இதைப் பொருத்தும் ஆசை வந்தால் விட்டுவிடுங்கள். ஒயரைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கும்.

எந்த போர்டு

வீட்டில் கிடக்கும் ஆர்டுயினோ ஊனோவில் செய்ய முடியுமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஏதோ ஒரு ஒலியை எழுப்பலாம், அவ்வளவுதான். அதன் அனலாக் முனை 10 பிட். ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபல் என்று கணக்கிட்டால், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே 60 டெசிபல் இடைவெளிதான் கிடைக்கும். 16 பிட்டில் அதுவே 96. ஊனோவின் நினைவகம் 2 கிலோபைட். நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியை அளந்தெடுத்த ஒவ்வொரு எண்ணும் ஒரு சாம்பிள்) வீதம், ஒரு சாம்பிளுக்கு ஒரே பைட் என்று சேமித்தாலும் 46 மில்லிநொடியில் நிரம்பிவிடும். அதில் எதிரொலி கேட்க முடியாது. ராஸ்பெர்ரி பை பிகோ, ஈஎஸ்பி32 இரண்டும் மலிவானவை, நினைவகமும் போதும். ஆனால் அவற்றின் சொந்த அனலாக் முனைகள் இசைக்குத் தகுதியானவை அல்ல. ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் ஒரு ஒலிக் கோடெக்கை வெளியே சேர்த்து, நிரலையும் பெரும்பாலும் நீங்களே எழுத வேண்டியிருக்கும். டெய்ஸி சீட் என்ற போர்டில் கோடெக் உள்ளேயே இருக்கிறது. 64 மெகாபைட் நினைவகமும் உண்டு. சி++ பழக்கமானவர்களுக்கு அது அருமையான போர்டு.

புதியவர்களுக்கு நான் சொல்வது டீன்சி 4.0. பிஜேஆர்சி என்ற அமெரிக்க நிறுவனத்தின் போர்டு. 600 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஏஆர்எம் கார்டெக்ஸ்-எம்7 சில்லு, 1 மெகாபைட் நினைவகம், தசம எண்களை வன்பொருளிலேயே கணக்கிடும் வசதி எல்லாம் இருக்கின்றன. ஆனால் நான் அதைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் வேகம் அல்ல, அதனோடு வரும் ஆடியோ லைப்ரரி. உலாவியில் ஒலி வேலைகளுக்கான பெட்டிகளை இழுத்து வைத்து, நடுவே கோடு போட்டு இணைத்து, ஒரு பொத்தானை அழுத்தினால் நிரலின் முதல் பாதியை அது எழுதித் தந்துவிடுகிறது.

இதற்குத் துணையாக ஆடியோ அடாப்டர் போர்டு ஒன்று வேண்டும். அதில் எஸ்ஜிடிஎல்5000 என்ற கோடெக் சில்லு இருக்கும். 16 பிட்டில், நொடிக்கு 44,100 சாம்பிள். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். டீன்சி 4 வரிசைக்கு ரெவிஷன் டி போர்டுதான் பொருந்தும். பழைய ரெவிஷன் சி, டீன்சி 3 வரிசைக்கானது. பார்வைக்கு இரண்டும் இரட்டையர். முனைகளின் இணைப்பு மட்டும் வேறு. பழையதை வாங்கி வைத்துக்கொண்டு ஒலி வரவில்லையே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் விழித்துக்கொண்டிருந்தவன் நான்.

மற்றவையெல்லாம் சென்னை ரிச்சி தெரு போன்ற எந்த மின்னணுச் சந்தையிலும் கிடைக்கும் சில்லறைப் பொருள்கள்: எம்சிபி6002 ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சில்லு) ஒன்று, கால் அங்குல மோனோ ஜாக் இரண்டு, 10 கிலோ ஓம் லீனியர் பொட்டென்ஷியோமீட்டர் (திருகும் குமிழ்) நான்கு, காலால் அழுத்தும் சுவிட்ச் ஒன்று, கொஞ்சம் ரெசிஸ்டர், கொஞ்சம் கெபாசிட்டர். ஒரு மல்டிமீட்டர் இல்லாமல் தொடங்காதீர்கள்.

முதல் படி: உள்வாசல்

என் ஒலி ஏன் கம்பளிக்குள் புதைந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கிட்டாரின் பிக்கப் என்பது காந்தத்தின் மேல் முடியைப் போன்ற செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய ஒரு சுருள். மாறும் மின்னோட்டத்தை அது எவ்வளவு எதிர்க்கும் என்பதைச் சொல்லும் இண்டக்டன்ஸ் சில ஹென்றி. 3 ஹென்றி என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால், 3 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கு அந்தச் சுருள் ஏறத்தாழ 56 கிலோ ஓம் தடையாக நிற்கும். லைன்-இன் முனையின் உள்ளீட்டுத் தடையோ சில பத்துக் கிலோ ஓம்தான். 30 என்று எடுத்துக்கொண்டால், 3 கிலோஹெர்ட்ஸ் சிக்னலில் பாதிக்கும் மேல் பிக்கப்பிலேயே தங்கிவிடும். தாழ்ந்த சுரங்களுக்கு அந்தச் சுருள் பெரிய தடையல்ல என்பதால் அவை மட்டும் முழுசாக வந்து சேரும். கிட்டாரின் பளபளப்பெல்லாம் இருப்பது 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில். அதை இழந்த பிறகு நிரலில் எத்தனை ட்ரெபிள் ஏற்றினாலும் இரைச்சல்தான் ஏறும். கிட்டார் ஆம்ப்களின் உள்ளீடு வழக்கமாக 1 மெகா ஓம் இருப்பது இதனால்தான்.

ஆகவே நடுவே ஒரு பஃபர் வேண்டும். கிட்டாரின் பக்கம் 1 மெகா ஓம் காட்டி, கோடெக்கின் பக்கம் தாராளமாக மின்னோட்டம் தரும் ஒன்று. எம்சிபி6002 சில்லுக்குள் இரண்டு ஆப்-ஆம்ப்கள் உண்டு. இரண்டையும் பயன்படுத்துகிறோம்.

சில்லின் 8-ஆம் காலுக்கு மின்சாரம், 4-ஆம் காலுக்கு கிரவுண்ட். மின்சாரத்தை டீன்சியின் 3.3 வோல்ட் முனையிலிருந்து எடுங்கள். நேராக அல்ல, 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக. ரெசிஸ்டரின் சில்லுப் பக்க முனையிலிருந்து கிரவுண்டுக்கு 100 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் ஒன்று. டீன்சிக்குள் ஓடும் டிஜிட்டல் சலசலப்பு ஆப்-ஆம்புக்குள் நுழையாமல் இந்த ஜோடி தடுக்கும். சில்லின் 8-ஆம் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே, முடிந்தவரை சில்லை ஒட்டி, 0.1 மைக்ரோஃபேரட் ஒன்றும் வையுங்கள்.

கிட்டார் சிக்னல் சுழியத்துக்கு மேலும் கீழும் ஆடும். நம்மிடம் இருப்பதோ 0 முதல் 3.3 வோல்ட் வரைதான். எனவே அதை நடுவில், 1.65 வோல்ட்டில் தூக்கி உட்கார வைக்க வேண்டும். வடிகட்டிய 3.3 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே இரண்டு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக இணையுங்கள். அவை சந்திக்கும் இடத்திலிருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபேரட். அதே இடத்திலிருந்து சில்லின் 5-ஆம் காலுக்கு ஓர் ஒயர். 6-ஐயும் 7-ஐயும் ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள். இப்போது 7-ஆம் காலில் அசையாத 1.65 வோல்ட் கிடைக்கும். சுவிட்ச் போட்டதும் அது நிலைபெற ஓரிரு நொடி எடுக்கும், பதற வேண்டாம்.

அடுத்தது சிக்னலின் பாதை. ஜாக்கின் நுனி முனையிலிருந்து 10 கிலோ ஓம், பிறகு 22 நானோஃபேரட், அங்கிருந்து 3-ஆம் கால். அதே 3-ஆம் காலிலிருந்து 7-ஆம் காலுக்கு 1 மெகா ஓம். 2-ஐயும் 1-ஐயும் இணையுங்கள். 1-ஆம் காலிலிருந்து 10 மைக்ரோஃபேரட் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் வழியாக அடாப்டரின் இடது லைன்-இன் முனைக்கு ஒயர் போகட்டும். கெபாசிட்டரின் பாசிட்டிவ் கால் சில்லின் பக்கம். 22 நானோவும் 1 மெகாவும் சேர்ந்து 7 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவற்றை மட்டுமே வெட்டும். கிட்டாரின் மிகத் தாழ்ந்த ஈ தந்தி 82 ஹெர்ட்ஸ் என்பதால் கவலையில்லை.

பெடல் சுற்றுகளில் வழக்கமாகப் பார்க்கும் டிஎல்072-ஐ 9 வோல்ட்டில் ஓட்டக் கூடாதா என்று கேட்பீர்கள். ஓட்டலாம். ஆனால் அதன் வெளியீடு பல வோல்ட் தாவக்கூடியது, கோடெக் அதைத் தாங்காது. தடுப்பு டயோடுகள் சேர்க்க வேண்டிவரும். 3.3 வோல்ட்டில் ஓடும் ஆப்-ஆம்ப் என்ன ஆட்டம் போட்டாலும் 3.3-ஐத் தாண்டாது. முதல்முறை கட்டுகிறவருக்கு இதைவிட நல்ல காவல் கிடைக்காது.

கிட்டாரைச் செருகுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். 8-ஆம் காலில் 3.3-க்குக் கொஞ்சம் குறைவாகவும், 7-லும் 1-லும் அதில் பாதியாகவும் காட்ட வேண்டும். 1-ஆம் காலில் 0 அல்லது 3.3 காட்டினால் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. ஜாக்கிலிருந்து சில்லு வரை போகும் ஒயர் ஷீல்டு உள்ளதாக, முடிந்தவரை குட்டையாக இருக்கட்டும். 1 மெகா ஓம் முனை என்பது ஓர் ஆன்டெனா.

இரண்டாம் படி: வெறும் கடத்தல்

ஆர்டுயினோ மென்பொருளில் டீன்சி போர்டுகளுக்கான டீன்சிடுயினோ துணைநிரலைச் சேர்த்து, போர்டாக டீன்சி 4.0-ஐத் தேர்ந்தெடுங்கள். ஆடியோ சிஸ்டம் டிசைன் டூலை உலாவியில் திறந்து மூன்றே பெட்டிகளை வையுங்கள்: ஐ2எஸ் உள்ளீடு, ஐ2எஸ் வெளியீடு (சில்லுகளுக்கு நடுவே டிஜிட்டல் ஒலி ஓடும் பாதைதான் ஐ2எஸ்), எஸ்ஜிடிஎல்5000 கட்டுப்பாடு. உள்ளீட்டின் இடது முனையிலிருந்து வெளியீட்டின் இரு முனைகளுக்கும் கோடு போடுங்கள். ஏற்றுமதிப் பொத்தானை அழுத்தி, வருகிற நிரலை ஆர்டுயினோவில் ஒட்டுங்கள்.

தொடக்கப் பகுதியில் நீங்களாக எழுத வேண்டியவை சில வரிகள்தான். ஆனால் அவற்றில் ஒன்றை மறந்தாலும் பெட்டி ஊமையாகிவிடும், பிழைச் செய்தியும் வராது. ஆடியோ நினைவகத்தை ஒதுக்க வேண்டும் (இப்போதைக்கு 20 தொகுதி போதும்). கோடெக்கை இயக்க வேண்டும். உள்ளீடாக மைக்கை அல்ல, லைன்-இன்னைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஹெட்போன் ஒலியளவைத் தொடக்கத்தில் 0.4 அளவில் வைக்க வேண்டும்.

ஹெட்போனை மாட்டி மீட்டுங்கள். உங்கள் கிட்டார், எந்த அலங்காரமும் இல்லாமல், மங்காமல் கேட்க வேண்டும்.

அடுத்து உள்ளீட்டு அளவு. கோடெக்கின் லைன்-இன் அளவு 0 முதல் 15 வரை. எண் கூடக்கூட உணர்திறன் கூடும். 0 என்றால் 3.12 வோல்ட் வரை தாங்கும், வழக்கமான 5 என்றால் 1.33 வோல்ட், 15 என்றால் 0.24 வோல்ட்தான். உள்ளீட்டோடு உச்ச அளவு காட்டும் பீக் பெட்டி ஒன்றை இணைத்து, அதன் எண்ணை சீரியல் மானிட்டரில் அச்சிடுங்கள். ஆறு தந்திகளையும் உங்களால் முடிந்த மட்டும் ஓங்கி மீட்டுங்கள். எண் 0.8-ஐத் தாண்டக் கூடாது. ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப் வைத்த என் கிட்டாருக்கு 2 சரியாக இருந்தது, சிங்கிள்-காயில் (ஒற்றைச் சுருள்) கிட்டாருக்கு 6. இந்த இடத்தில் சிக்னல் உடைந்தால் அதைப் பிறகு யாராலும் ஒட்ட வைக்க முடியாது.

ஹம் (தாழ்ந்த உறுமல்) கேட்கிறதா? கிட்டாரைக் கையில் பிடித்தபடி நாற்காலியில் மெதுவாகச் சுழலுங்கள். திரும்பும் திசைக்கேற்ப ஹம் கூடிக் குறைந்தால் அது பிக்கப் வாங்கும் 50 ஹெர்ட்ஸ் ஹம். உங்கள் சுற்று குற்றமற்றது. எப்படித் திரும்பினாலும் மாறவில்லை என்றால் கிரவுண்ட் ஒயரைத் தேடுங்கள். ஹம் இல்லாமல் கொசு ரீங்காரம் போன்ற மெல்லிய கீச்சு கேட்டால், லேப்டாப்பின் யுஎஸ்பி மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். லேப்டாப்பைக் கழற்றிவிட்டு ஒரு பவர் பேங்கில் ஓட்டிப் பாருங்கள். என் வீட்டில் கீச்சு அந்த நொடியே நின்றது. அதற்கு முன்பு மூன்று கெபாசிட்டர்களை மாற்றியிருந்தேன் என்பது வேறு கதை.

தாமதம் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. லைப்ரரி 128 சாம்பிள்களை ஒரு தொகுதியாகச் சேர்த்துக் கையாள்கிறது. ஒரு தொகுதிக்கு 2.9 மில்லிநொடி. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று ஏறத்தாழ 6 மில்லிநொடி. ஒலி காற்றில் நொடிக்கு 343 மீட்டர் போகிறது. அப்படியானால் இந்தத் தாமதம், ஆம்பிலிருந்து 2 மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம். மேடையில் எல்லோரும் அப்படித்தான் நிற்கிறார்கள்.

மூன்றாம் படி: வெளிவாசல்

முதலில் ஓர் எச்சரிக்கை. அடாப்டரில் உள்ள ஹெட்போன் துளையின் பொது முனை கிரவுண்ட் அல்ல. கோடெக் தானே உருவாக்கும் ஒரு பாவனைக் கிரவுண்ட். அதை எந்த ஆம்பின் கிரவுண்டோடும், பெட்டியின் உலோகத்தோடும் இணைக்கக் கூடாது. அந்தத் துளை ஹெட்போனுக்கு மட்டுமே. ஆம்புக்கோ ஸ்பீக்கர் போர்டுக்கோ போகும் ஒயரை லைன்-அவுட் முனையிலிருந்து எடுங்கள்.

தனியாக ஒரு சின்னப் பயிற்சி ஆம்ப் வேண்டும் என்றால், 5 வோல்ட்டில் ஓடும் பிஏஎம்8403 போர்டு ஒன்றும் 4 அல்லது 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றும் போதும். ஒரு பக்கத்துக்கு 3 வாட் வரை தரும். அறைக்குள் அது தாராளம். அதன் ஸ்பீக்கர் முனைகள் இரண்டும் ஓட்டப்படும் முனைகள், எதுவும் கிரவுண்ட் அல்ல. மைனஸ்தானே என்று பெட்டியில் கட்டிவிட்டால் சில்லு போய்விடும்.

இனி, எல்லோரும் தவிர்த்துவிட்டுப் பிறகு வருந்தும் பகுதி. கிட்டார் ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கரே அல்ல. 12 அங்குலக் காகிதக் கூம்பு 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஏறத்தாழ எதையும் எழுப்பாது. கிட்டார் ஒலி என்று நம் காதில் பதிந்திருப்பது அந்தக் குறையோடு சேர்ந்த ஒலிதான். ஹெட்போன் 20 கிலோஹெர்ட்ஸ் வரை நேர்மையாக ஒலிக்கும். டிஸ்டார்ஷனை அதில் நேராகக் கேட்டால் தகர டப்பாவுக்குள் மாட்டிய வண்டு. ஆகையால் டிஸ்டார்ஷனைக் கட்டுவதற்கு முன்பே, ஸ்பீக்கர் பெட்டியைப் போல நடிக்கும் ஒரு வடிகட்டியை நிரலில் செய்து வைத்துவிடுகிறோம்.

பைகுவாட் வடிகட்டிப் பெட்டி ஒன்றை வெளியீட்டுக்கு முன்னால் வையுங்கள். அதில் நான்கு நிலைகள் உண்டு. முதல் நிலை 80 ஹெர்ட்ஸ் ஹை-பாஸ், அதாவது அதற்குக் கீழே உள்ளதை வெட்டுவது. அடுத்த இரண்டும் 5,000 ஹெர்ட்ஸ் லோ-பாஸ் (அதற்கு மேலே உள்ளதை வெட்டுவது), ஒன்றின் கியூ (வெட்டும் இடத்தின் கூர்மை) 0.54, மற்றதன் கியூ 1.31. இரண்டும் சேர்ந்து, அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 24 டெசிபல் வீதம் செங்குத்தாக இறங்கும். நான்காம் நிலை உங்கள் காதுக்கு. நான் 300 ஹெர்ட்ஸ் பக்கம் லோ-ஷெல்ஃப் போட்டு, அதற்குக் கீழே உள்ளதை 3 டெசிபல் குறைத்திருக்கிறேன். இன்னும் உண்மையாக வேண்டுமானால், ஸ்பீக்கர் பெட்டியின் இம்பல்ஸ் பதிவு (மிகக் குறுகிய ஒரு துடிப்புக்கு அது எழுப்பும் ஒலி) ஒன்றை எடுத்து முதல் 200 சாம்பிளை மட்டும் வெட்டியெடுத்து எஃப்ஐஆர் வடிகட்டிப் பெட்டியில் போடலாம். அது 4.5 மில்லிநொடிதான் என்றாலும் பெட்டியின் முகச்சாயல் வந்துவிடும்.

பெட்டியின் ஒலியை உண்மையான கிட்டார் ஆம்புக்கு அனுப்பும்போது இந்த வடிகட்டியைத் தவிர்த்துவிட வேண்டும். அங்கே நிஜ ஸ்பீக்கர் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் பழைய கம்பளி திரும்பி வரும். இதற்கென்று ஒரு சின்ன சுவிட்ச் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: டிஸ்டார்ஷன்

டிஸ்டார்ஷன் என்பது அலையின் தலையைத் தட்டுவது. எவ்வளவு மெதுவாகத் தட்டுகிறோம் என்பதில்தான் குணம் இருக்கிறது. வேவ்ஷேப்பர் பெட்டி ஓர் அட்டவணையைப் பார்த்து, உள்ளே வரும் மதிப்புக்குப் பதிலாக வேறொரு மதிப்பைத் தருகிறது. அட்டவணையின் நீளம் இரண்டின் அடுக்கோடு ஒன்று கூட்டிய எண்ணாக இருக்க வேண்டும். நான் 4,097 வைத்துக்கொள்கிறேன். மைனஸ் 1 முதல் 1 வரை ஒவ்வொரு புள்ளிக்கும் ஹைப்பர்போலிக் டேன்ஜென்ட் சார்பைக் கணக்கிட்டு நிரப்புங்கள். சார்புக்குள் நுழையும் மதிப்பை ஓர் எண்ணால் பெருக்கிக்கொள்ளுங்கள். 3 என்றால் லேசான கரகரப்பு, 20 என்றால் ராக்.

புதியவர்கள் தவறாமல் விழும் குழி ஒன்று இங்கே இருக்கிறது. ஒலியை முதலில் ஆம்ப்ளிஃபையர் பெட்டியில் 20 மடங்கு பெருக்கி, பிறகு வேவ்ஷேப்பருக்கு அனுப்புவார்கள். இந்த லைப்ரரியில் பெட்டிகளுக்கு நடுவே ஓடுவது 16 பிட் முழு எண்கள். 32,767-ஐத் தாண்டியதும் அலை அங்கேயே கத்தியால் வெட்டியதுபோல் நின்றுவிடும். நீங்கள் பார்த்துப் பார்த்து வளைத்த அட்டவணைக்குப் போய்ச் சேருவது ஏற்கெனவே தட்டையான அலை. பெருக்கல் அட்டவணைக்குள்தான் நடக்க வேண்டும்.

வாசித்துக்கொண்டிருக்கும்போது அட்டவணையை மாற்றினால் 'டிக்' சத்தம் வரும். அதனால் கெய்ன் (கரகரப்பின் அளவு) குமிழுக்கு நான் வேறு வழி வைத்திருக்கிறேன். மென்மையான வேவ்ஷேப்பர் ஒன்று, கடுமையானது ஒன்று, இரண்டும் எப்போதும் ஓடும். குமிழ் திருகினால் மிக்ஸர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகரும்.

வேவ்ஷேப்பருக்கு முன்னால் பேஸை, அதாவது தாழ்ந்த ஒலிகளை, குறைப்பதும் அவசியம். குறைக்காவிட்டால் தடித்த தந்திகள் எல்லாவற்றையும் குழைத்துவிடும். பெயர்பெற்ற டியூப் ஸ்க்ரீமர் பெடலின் சுற்றில் 4.7 கிலோ ஓமும் 0.047 மைக்ரோஃபேரடும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கத்தைப் படிப்படியாகக் குறைக்கின்றன. அதன் இறுக்கமான ஒலிக்கு அதுவே காரணம். நாம் ஸ்டேட் வேரியபிள் ஃபில்டர் பெட்டியின் ஹை-பாஸ் வெளியீட்டை எடுத்து 200-க்கும் 700-க்கும் நடுவே எங்காவது நிறுத்தலாம். சுத்த ஒலியில் கொஞ்சத்தை அதோடு கலந்தால் அடித்தளமும் மீளும்.

டிஜிட்டலுக்கே உரிய ஒரு பிணியும் உண்டு. அலையைத் தட்டினால் அதன் ஒற்றைப்படை மடங்குகள் பிறக்கும். 3 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் பதின்மூன்றாம் மடங்கு 39 கிலோஹெர்ட்ஸ். 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங்கில் அதற்கு இடமில்லை. அது மடங்கித் திரும்பி 5.1 கிலோஹெர்ட்ஸில், எந்தச் சுரத்தோடும் ஒட்டாத ஒலியாக வந்து நிற்கும். உச்ச ஃப்ரெட்டில் தந்தியை இழுத்து வளைக்கும்போது, சுரம் மேலே போக, பின்னணியில் ஏதோ ஒன்று கீழே இறங்குவது போலக் கேட்டால் அது இதுதான். முழு மருந்து ஓவர்சாம்பிளிங், அதாவது இந்த வேலையை மட்டும் இன்னும் அதிக சாம்பிள் வீதத்தில் செய்வது. அதற்குச் சொந்தமாக ஒரு பெட்டி எழுத வேண்டும். முதல் கட்டுமானத்துக்கு, வேவ்ஷேப்பருக்கு முன் 5 கிலோஹெர்ட்ஸ் லோ-பாஸ் ஒன்றைப் போட்டு, வளைவையும் மென்மையாக வைத்தால் தொல்லை பெரும்பாலும் அடங்கிவிடும்.

பெருக்கினால் இரைச்சலும் பெருகும். பீக் பெட்டியின் எண் 0.01-க்குக் கீழே போனால் ஃபேட் பெட்டி 150 மில்லிநொடியில் ஒலியை மூடட்டும். 0.02-ஐத் தாண்டினால் 5 மில்லிநொடியில் திறக்கட்டும். இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தால் கதவு காற்றில் அடித்துக்கொள்வது போல ஒலி துடிக்கும்.

ஐந்தாம் படி: எதிரொலியும் மற்றவையும்

இனி எல்லாம் விளையாட்டு. எதிரொலி தரும் டிலே பெட்டிக்கு முன்னால் ஒரு மிக்ஸர். அதன் முதல் முனையில் கிட்டார், இரண்டாம் முனையில் டிலேயின் வெளியீடே திரும்பி வந்து 0.4 அளவில் சேரும். இந்த எண் 1-ஐத் தொட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஒலி தேயாமல் சேர்ந்துகொண்டே போய் அறை அலறும். 400 மில்லிநொடி எதிரொலிக்கு 138 தொகுதி நினைவகம் வேண்டும். எனவே தொடக்கத்தில் 20 என்று ஒதுக்கியதை 170-ஆக உயர்த்துங்கள். ஒரு முழு நொடிக்கு 345 தொகுதி, ஏறத்தாழ 90 கிலோபைட். எதிரொலி பாதியில் அறுந்து கேட்டால் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள். பயன்படுத்திய உச்ச நினைவகத்தையும் செயலியின் உச்சச் சுமையையும் லைப்ரரியே சொல்லும். இரண்டையும் சீரியல் மானிட்டரில் அச்சிட்டு வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

ரிவர்பிற்கு ஃப்ரீவெர்ப் பெட்டி. அது அறையின் முழக்கத்தை மட்டும்தான் தரும், சுத்த ஒலியை நீங்கள் மிக்ஸரில் சேர்க்க வேண்டும். எல்லா மிக்ஸர்களிலும் அளவுகளின் கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ட்ரெமோலோ (ஒலியளவு ஏறி இறங்கும் துடிப்பு) வேண்டுமென்றால் 5 ஹெர்ட்ஸ் சைன் அலையால் பெருக்குங்கள். அலை மைனஸுக்குப் போகாமல் மேலே தூக்கி வைக்க மறக்காதீர்கள்.

எதை எதற்குப் பின்னால் வைப்பது என்பது கிட்டார் உலகின் தீராத சண்டை. ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். டிலே, ரிவர்ப், ஸ்பீக்கர் வடிகட்டி ஆகியவை தங்களுக்குள் எந்த வரிசையில் நின்றாலும் கணக்குப்படி விளைவு ஒன்றே. டிஸ்டார்ஷன் மட்டும்தான் வரிசையைக் குலைக்கும். டிலேயை அதற்கு முன்னால் வைத்தால் எதிரொலிகளெல்லாம் சேர்ந்து நசுங்கிக் கூழாகும், பின்னால் வைத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியே கேட்கும்.

குமிழ்களை 3.3 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே இணைத்து, நடுக்காலை 14, 15, 16, 17 ஆகிய முனைகளுக்குக் கொண்டுபோங்கள். அடாப்டரின் ஒலி இணைப்புகள் இவற்றைத் தொடுவதில்லை. 5 வோல்ட் கொடுத்தால் டீன்சி 4 தாங்காது. படித்த மதிப்பு நிலையாக இருக்காது, நடுங்கும். ஒவ்வொரு முறையும் பழைய மதிப்புக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டில் இருபதில் ஒரு பங்கை மட்டும் பழையதோடு கூட்டுங்கள். ஒலியளவுக் குமிழின் மதிப்பை அதனாலேயே பெருக்கிக்கொண்டால், லீனியர் குமிழும் காதுக்கு இயல்பாகத் திரும்பும்.

பெட்டியும் மின்சாரமும்

கிட்டார் பெடல்களுக்கான 9 வோல்ட் அடாப்டரில் நடு ஊசி பெரும்பாலும் நெகட்டிவ். மற்ற சாதனங்களுக்கு நேர்மாறு. மீட்டரில் பார்க்காமல் செருகாதீர்கள். அந்த 9 வோல்ட்டை ஒரு 7805 ரெகுலேட்டர் வழியாக 5 வோல்ட்டாக்கி டீன்சியின் விஐஎன் முனைக்குக் கொடுங்கள். அதற்கு முன், போர்டின் அடியில் யுஎஸ்பி மின்சாரத்தையும் விஐஎன் முனையையும் இணைக்கும் சிறு தடத்தைக் கத்தியால் வெட்டிவிடுங்கள். வெட்டாமல் இரண்டையும் ஒன்றாக மாட்டினால் உங்கள் அடாப்டர் லேப்டாப்புக்குள் மின்சாரம் தள்ளும்.

பெட்டி உலோகமாக இருக்கட்டும். ஜாக்கின் கிரவுண்டை அதில் இணைத்தால் வெளி இரைச்சல் உள்ளே வராது. அலுமினிய டிபன் பாக்ஸ் ஒன்று இதற்கு அருமையாகப் பொருந்துகிறது. எவர்சில்வரில் துளை போட முயன்று இரண்டு துரப்பண முனைகளை மழுக்கினேன், அந்தப் பக்கம் போகாதீர்கள். ஜாக்குகளுக்கு, குமிழ்களுக்கு, கால் சுவிட்சுக்கு என்று துளைகளை அளந்து போட்ட பிறகு, யுஎஸ்பி ஒயர் நுழைவதற்கும் பக்கவாட்டில் ஒரு துளை போட்டுக்கொள்ளுங்கள். நான் அதை மறந்துவிட்டேன். இன்றும் நிரலில் ஒரு எண்ணை மாற்ற வேண்டுமென்றால் ஆறு திருகுகளைக் கழற்றி, மூடியைத் தூக்கி, போர்டை வெளியே இழுத்துத்தான் செய்கிறேன்.